மருந்து ஊற்றாத பாத்திகள்

மேரிசுகந்தி தன்னுடைய கைகள் சுத்தமில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்தது 2005ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில். அவளுடைய கைகள் சுத்தமாகத்தான் இருந்தன. அது அவளுக்குத் தெரியவந்தபோது போர் முடிந்திருந்தது. அந்தக் கைகளால் அவள் வளர்த்தெடுத்த உயிரும் அழிந்திருந்தது.

ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்த பத்திநாதரின் மூத்த மகள் அவள். கெட்டிக்காரி. உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்தாள். பரீட்சை எழுதவேண்டிய 1995இல் போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழுந்து நடந்தது. பல்கலைக்கழக வாசலில் நின்றிருக்கவேண்டிய பிள்ளைகள் தென்மராட்சியின் மரங்களுக்குக் கீழே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்காக அவர்களிடம் இன்றுவரை எவரும் மன்னிப்புக் கேட்டதில்லை. 1996இல் குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவந்தபோது சுகந்திக்குப் புத்தகமும் இல்லை, படிக்கும் வயதும் கடந்துகொண்டிருந்தது. நகரத்தில் தனியார் மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றில் போத்தல் கழுவப் போனாள்.

போத்தல் கழுவியவள் இரண்டொரு ஆண்டில் கிருமி வளர்க்கக் கற்றுக்கொண்டாள். கடற்பாசிக் கூழான ஏகாரை உருக்கிக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, ஆறவிட்டு, நோயாளியின் சளியையோ சீழையோ அதில் இழுத்துவிட்டால் மறுநாள் கிருமிகள் புள்ளி புள்ளியாக எழும்பும். எந்த மருந்துக்கு எந்தக் கிருமி சாகும், எது சாகாமல் நிற்கும் என்று பார்ப்பதே அங்கே வேலை. சாகாமல் நிற்பவற்றைக் கண்டு வைத்தியர்கள் பயந்தார்கள். சுகந்திக்கு அவற்றின்மேல் ஒரு மரியாதை இருந்தது.

சமாதானம் என்று சொல்லப்பட்ட காலம் வந்தது. யாழ்ப்பாணத்தை வெளியோடு இணைக்கும் பாதை திறந்தது, தொண்டு நிறுவனங்கள் வந்தன. அவற்றில் ஒன்று வேலணையில் விவசாயிகளுக்காகச் சிறிய ஆய்வுகூடம் திறந்து, அதன் பொறுப்பை வெளிநாட்டில் படித்துத் திரும்பிய கலாநிதி குலசிங்கத்திடம் கொடுத்தது. சுகந்தி அங்கே உதவியாளராகச் சேர்ந்தாள்.

வேலணைத் தோட்டங்களைப் பிடித்திருந்த வியாதி வெங்காய அழுகல். மண்ணிலிருக்கும் பங்கசு என்ற ஒருவகைப் பூஞ்சை வேரில் ஏறி, குமிழின் அடியைத் தின்றுவிடும். இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும். விவசாயிகள் வேலியில் மந்திரித்த நூல் கட்டினார்கள். கோயிலில் பொங்கினார்கள். கடைக்காரன் கொடுத்த தூளை, அவன் சொன்னதைவிட இரண்டு மடங்காகக் கரைத்து ஊற்றினார்கள். மூன்றுக்கும் பலன் ஒன்றுதான். ஆனால் தூள் மட்டும் கிணற்றிலும் இறங்கியது. நல்லதண்ணீருக்கு ஏங்கும் தீவில் கிணற்றைக் கெடுப்பதைவிடப் பெரிய கொடுமை இல்லை. அதை விற்றவனிடம் கேள்வி கேட்க ஒரு சட்டமும் இருக்கவில்லை.

முருகேசு என்பவரின் தோட்டத்தில் ஒரு மூலையில் மட்டும் வெங்காயம் அழுகுவதில்லை. சுகந்தி அதைக் கண்டாள்.

"அண்ணை, அந்த மூலையில மட்டும் ஏன் அழுகேல்லை?"

"அது வைரவர் மூலை பிள்ளை. அவர் பாத்துக்கொள்ளுவார்."

"அப்ப மற்ற மூலையள அவர் பாக்கமாட்டாரோ?"

முருகேசு சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "மீன்காரப் பெட்டையின்ர வாயைப் பார்! அவருக்கும் வயசு போட்டுது பிள்ளை. ஒரு மூலையைப் பாக்கிறதே பெரிசு."

சுகந்தி வைரவரை விட்டுவிட்டு மண்ணை எடுத்துப் போனாள். அந்த மண்ணைக் கரைத்துத் தட்டில் பரவியபோது எழும்பிய பற்றீரியாக்களில் ஒரு வகை ஒளிவிட்டது. அதைப் பார்க்க ஊதாக்கதிர் விளக்கு வேண்டும். ஆய்வுகூடத்தில் அது இல்லை. சந்தையடியில் நகைக்கடைக்காரர் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருந்த விளக்கை இரவல் வாங்கிவந்தாள். சாளரத்தை மூடிவிட்டு விளக்கைப் பிடித்தால், தட்டிலிருந்த புள்ளிகள் பச்சை கலந்த மஞ்சளாக மின்னின. ஒளிவிடும் அந்தச் சாயத்தைக் கொண்டுதான் அந்தப் பற்றீரியா மண்ணிலுள்ள இரும்பைப் பறித்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அழுகல் பங்கசு இரும்பு கிடைக்காமல் மெலிகிறது. இரண்டையும் ஒரே தட்டில் எதிரெதிரே வைத்தபோது, பங்கசின் வெள்ளைப் பஞ்சு பற்றீரியாவுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்து நின்றுவிட்டது. தாண்டவில்லை.

குலசிங்கத்துக்கும் அன்று சந்தோஷந்தான். "தட்டில எல்லாம் வேலைசெய்யும் சுகந்தி. தோட்டத்தில நிக்குதோ எண்டுதான் பாக்கவேணும்" என்றார். அவர் சொன்னது சரி. மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஒளிவிடுபவையும் பலவகை உண்டு. தான் ஊற்றிய பற்றீரியா வேரில் தங்கியிருக்கிறதா, செத்துவிட்டதா, தண்ணீரோடு போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாருடைய மாடு என்று தெரிவதற்குக் குறிசுடுவார்கள். பற்றீரியாவுக்கு எங்கே சுடுவது?

வழியைச் சொன்னவள் சுகந்தி. சயரோகத்துக்குக் கொடுக்கும் றிபாம்பிசின் மருந்தை ஏகாரில் கலந்து, அதன்மேல் தன் பற்றீரியாவைப் பெருந்தொகையாகப் பரவினாள். ஏறக்குறைய எல்லாம் செத்தன. தற்செயலான ஒரு மாற்றத்தால் அந்த மருந்தைத் தாங்கக்கூடிய சில மட்டும் பிழைத்தன. பிழைத்ததை எடுத்துப் பெருக்கினாள். அதுதான் குறி. இனித் தோட்டத்து மண்ணைக் கரைத்து மருந்து கலந்த தட்டில் ஊற்றினால், மற்ற மண் பற்றீரியாக்கள் அநேகமாக எல்லாம் சாகும். எழும்பி ஒளிவிடுவது அவளுடையது.

பரீட்சிப்புத் தோட்டம் முருகேசுவினுடையது. அதன் முடிவிலேதான் எல்லாம் இருந்தது. பற்றீரியாவை மருந்தாக இட்ட பாத்திக்கும் இடாத பாத்திக்கும் தெளிவான வித்தியாசம் தெரிந்தால், நிறுவனம் அந்தப் பற்றீரியாவைப் பெருக்கித் தீவு முழுவதற்கும் கொடுக்கும், ஆய்வுகூடமும் நிலைக்கும். தெரியாவிட்டால் பூட்டிவிடுவார்கள். தைமாதம் நடுகைக்கு முன் சுகந்தி பாத்திகளுக்கு இலக்கமிட்டு, சீட்டுக் குலுக்கி, எவற்றுக்கு மருந்து, எவற்றுக்கு வெறுந்தண்ணீர் என்று பிரித்தாள். தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவாதபடி வரம்பை உயர்த்தச் சொன்னாள்.

"என்ன பிள்ளை இது? அரைவாசிக்கு மருந்து, அரைவாசிக்குப் பச்சைத் தண்ணியோ?"

"அப்பதானே அண்ணை வித்தியாசம் தெரியும்."

"மருந்தில்லாதது அழுகினா?"

"அழுகினாத்தான் மருந்து வேலைசெய்யுது எண்டு சொல்லலாம்."

"என்ர வெங்காயம் அழுகவேணும் எண்டு நேந்துகொண்டு வந்த முதல் ஆள் நீர்தான்" என்றார் முருகேசு. ஆனால் சம்மதித்தார்.

இந்தப் பேச்செல்லாம் தோட்டத்து வரம்பில் நடந்தது. முருகேசுவின் மனைவி பரிமளம் குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். விதைவெங்காயத்தைப் பற்றீரியாத் தண்ணீரில் நனைத்து நட்டார்கள். பிறகும் சில தடவை சுகந்தி வந்து குறித்த பாத்திகளின் வேரடியில் ஊற்றினாள். ஒவ்வொரு முறையும் வாளியில் கொஞ்சம் மிஞ்சும். "இதைத் தோட்டத்துக்கு வெளியில ஊத்திப்போட்டு வாளியைக் கழுவிவையுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். சோதனைச்சாவடி மூடுவதற்கு முன் ஊர்காவற்றுறைக்குப் போய்ச் சேரவேண்டும்.

பங்குனி முடிவில் வெங்காயம் கிண்டினார்கள். பக்கத்துத் தோட்டங்களில் பாதிக்குமேல் அழுகிக் கிடந்தது. முருகேசுவின் தோட்டத்தில் மருந்திட்ட பாத்தியும் சுகம், இடாத பாத்தியும் சுகம். முருகேசு தலைகால் தெரியாத மகிழ்ச்சியோடு ஆய்வுகூடத்துக்கு ஒரு பிடி வெங்காயம் கட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பிடியைப் பார்த்து அழுகை வந்த ஒரே ஆள் சுகந்தி.

மண்ணை எடுத்துத் தட்டில் ஊற்றினாள். மருந்திட்ட பாத்திகளின் தட்டுகள் ஒளிவிட்டன. வெறுந்தண்ணீர்ப் பாத்திகளின் தட்டுகளும் ஒளிவிட்டன. அவள் குறிசுட்ட பற்றீரியா, போகக்கூடாத இடங்களிலும் செழிப்பாக நின்றது.

குலசிங்கம் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன சுகந்தி?"

"எங்கட பற்றீரியாதான் சேர். ஊத்தாத பாத்தியளிலயும் நிக்குது. அதாலதான் அதுவும் அழுகேல்லை."

"எப்பிடிப் போனது? பறந்து போனதோ?"

"தெரியேல்லை சேர். ஆனா மண்ணில நிக்குது."

"மண்ணில நிக்குதோ, உம்மட கையில நிக்குதோ? ஒரு தட்டைத் தொட்ட கையால மற்றத் தட்டைத் தொட்டா எல்லாத்திலயும்தான் முளைக்கும்." தட்டை மேசையில் வைத்துவிட்டு, அறையிலிருந்த மற்றவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "மீன் அரிஞ்ச கையிட்டத் துப்புரவை எதிர்பாத்தது என்ர பிழை."

அறையில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மனிதனைப் பிறந்த வீட்டை வைத்து அளக்கும் கேவலத்துக்குக் கலாநிதிப் பட்டம் மருந்தல்ல என்பதற்கு அந்த அறை சாட்சி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படித்துவந்த மனிதர், கண்முன் இருந்த சான்றைப் பார்க்காமல் அவளுடைய தகப்பன் செய்த தொழிலைப் பார்த்தார். சாமி படத்துக்குப் பூவைத்துவிட்டு நூல் மந்திரிப்பவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் முடிவை முதலில் வைத்துக்கொண்டு காரணத்தைப் பிறகு தேடுகிறவர்கள்.

"பக்கத்துத் தோட்டங்கள் அழுகிக் கிடக்கு சேர்" என்று சுகந்தி சொல்லிப் பார்த்தாள்.

"அது வேற மண், வேற தண்ணி. அதை வைச்சு ஒப்பிட ஏலாது. உமக்குத் தெரியாதோ?"

அதுவும் சரிதான். அநீதி சரியான வாக்கியங்களையும் துணைக்கு வைத்துக்கொண்டுதான் வருகிறது.

அவள் சும்மா இருக்கவில்லை. தன் விரல்களை றிபாம்பிசின் கலந்த தட்டில் ஒற்றிப் பார்த்தாள். குழாய்களைச் சோதித்தாள். கொதிக்கவைத்த மண்ணை அதே மேசையில், அதே கையால் தட்டில் ஊற்றிப் பார்த்தாள். ஒன்றிலும் ஒன்றும் முளைக்கவில்லை. கை குற்றமற்றது என்று தட்டுகள் சொல்லின. அடுத்த நாள் பஸ் ஏறி முருகேசுவிடம் போனாள்.

"அண்ணை, தண்ணிப் பாத்தியளுக்கு ஆரும் மருந்து ஊத்தினவையோ?"

"என்ன கதை பிள்ளை இது? நீர் சொன்னபடி நான் ஒரு துளி ஊத்தேல்லை."

"வாளியில மிஞ்சினது?"

"வெளியில ஊத்தியாச்சு. நீர் நம்பாட்டி வாரும், வைரவருக்கு முன்னால கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணுறன்."

அவர் கண் கலங்கிப்போனார். அந்தக் கண்ணைப் பார்த்ததும் சுகந்தி கேள்வியை நிறுத்திவிட்டாள். நிறுத்தியிருக்கக்கூடாது. சத்தியம் ஒரு மனிதனுடைய நேர்மையைக் காட்டும். மண்ணில் நடந்ததைக் காட்டாது. முருகேசு பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்த வீட்டில் வாளி கழுவுகிறவர் அவரல்ல. கழுவியவள் பத்தடி தள்ளிக் குசினியில் நின்றாள். தோட்டத்துக் கதையைத் தோட்டக்காரனிடம்தான் கேட்கவேண்டும் என்பது ஊர் வழக்கம். ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு வழக்கத்தையும் சந்தேகிக்கக் கற்ற சுகந்தி, தானே ஒரு பெண்ணாக இருந்தும், இந்த வழக்கத்தைச் சந்தேகிக்கவில்லை.

இனி மிஞ்சியிருந்தது ஒரே விளக்கம். ஆறு தடவை தட்டுப் பார்த்தும் முளைக்காத அழுக்கு, ஏழாவது தடவையாகத் தன் கையில் இருந்திருக்கக்கூடும் என்று அவள் எண்ணத் தொடங்கினாள். டெற்றோல் போட்டுக் கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்தது. "கவனக்குறைவால் மாதிரிகள் மாசடைந்தன" என்று ஆங்கிலத்தில் எழுதிய தாளைக் குலசிங்கம் நீட்டியபோது, வெடித்த விரல்களால் பேனையைப் பிடித்துக் கையெழுத்து வைத்தாள். நிறுவனம் அந்தத் தாளை நம்பியது. ஆண்டு முடிவதற்குள் ஆய்வுகூடம் பூட்டப்பட்டது. கலாநிதி மறுபடி வெளிநாடு போனார்.

பற்றீரியா இருந்த கண்ணாடிக் குழாய்களைச் சுகந்தி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எறிவதற்கு மனம் வரவில்லை. தகப்பனின் மீன் ஐஸ் பெட்டியின் ஒரு ஓரத்தில் பொலித்தீன் சுற்றி வைத்தாள். பத்திநாதர் ஒருநாள் திறந்து பார்த்து, "இது என்ன பிள்ளை, புதுசா ஒரு சாதி மீனோ?" என்று கேட்டார். "என்ர மீன் அப்பு" என்றாள். 2006இல் தீவு மறுபடி பயத்தில் வெறிச்சோடியது. ஆவணியில் பாதை பூட்டப்பட்டது. எண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை, கடலுக்குப் போக அனுமதி இல்லை. ஐஸ் என்ற சொல்லே ஊரில் மறந்துபோயிற்று. மாதங்கள் கழித்து அவள் குழாய்களைத் திறந்தபோது ஏகார் காய்ந்து சருகாகியிருந்தது. புதுத் தட்டில் இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் எழும்பவில்லை.

அவள் பழைய மருத்துவ ஆய்வுகூடத்துக்கே திரும்பிப் போனாள். சலம், இரத்தம், சளி. மண்ணைத் தொடவில்லை.

2009 ஆவணியில் ஒருநாள் யாழ்ப்பாணம் போகும் பஸ், தீவை நகரத்தோடு இணைக்கும் தாம்போதியடிச் சோதனைச்சாவடியில் நின்றது. போர் முடிந்தும் சோதனை முடியவில்லை. எல்லோரும் இறங்கி நடக்கவேண்டும். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. சுகந்திக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். பரிமளம்.

"சுகந்திப் பிள்ளையே? மெலிஞ்சுபோனீர். எங்கட பக்கம் காலடி வைக்கிறேல்லை என்ன?"

"வேலை அக்கா. அண்ணை சுகமோ?"

"அங்க நிக்கிறார் ஆம்பிளையளின்ர வரிசையில. தோட்டம்தான் சுகமில்லை. ரண்டு வருசமா ஒரே அழுகல். நீர் வந்த வருசம் விளைஞ்ச மாதிரி பிறகு விளையவேயில்லை. உம்மட மருந்து நல்ல மருந்து பிள்ளை. நான் ஊத்தின பாத்தி எல்லாம் என்ன மாதிரிக் குமிழ் வைச்சது!"

வரிசை ஒரு அடி நகர்ந்தது. சுகந்தி நகரவில்லை.

"நீங்கள் ஊத்தினதோ அக்கா?"

"ஓம். வாளியில மிஞ்சினதை வெளியில ஊத்தச் சொல்லி இவர் தந்துபோட்டுப் போவார். அரைவாசிப் பாத்தி மருந்து குடிக்க அரைவாசிப் பாத்தி பாத்துக்கொண்டிருக்குது. பந்தியில இருத்திப்போட்டுக் கொஞ்சப்பேருக்கு மட்டும் சோறு போடுறதே? பாவம் பிள்ளை அது. நான் எல்லாத்துக்கும் பங்கிட்டு ஊத்திப்போடுவன்."

பந்தி வஞ்சனை பாவம் என்று அந்த ஊர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. சில மனிதர்களைப் பந்திக்குள்ளேயே விடாத ஊரும் அதுதான். அந்த நீதியை ஒரு பெண் வெங்காயப் பாத்திகளுக்கு மனமாரச் செய்தாள். அவளுடைய நல்ல மனதால் ஒரு பரீட்சிப்புக் கெட்டது. கெட்டதென்று கண்டுபிடிக்கச் சான்றும் இருந்தது. ஒவ்வொரு தட்டும் அதைத்தான் பச்சையாக ஒளிவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்க ஆள் இருக்கவில்லை.

"ஏன் பிள்ளை முகம் ஒரு மாதிரிப் போச்சு? பிழையோ?"

சுகந்தி சொல்லத்தான் வேண்டும் என்று தீர்மானித்தாள். ஏன் சில பாத்திகளைச் சும்மா விடவேண்டியிருந்தது, ஊற்றியதால் என்ன ஆனது, தன்னை என்ன சொன்னார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். பரிமளம் கையை வாயில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ர கடவுளே. என்னட்ட ஒருத்தரும் சொல்லேல்லையே பிள்ளை."

"ஓம் அக்கா. சொல்லேல்லை."

"பிறகெண்டாலும் கேட்டிருக்கலாமே? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன். ஒளிக்க அதில என்ன கிடக்கு?"

"அண்ணையட்டக் கேட்டனான்."

"அவருக்கு என்ன தெரியும்? அவர் வாளியைக் கண்டவரே!" பரிமளத்துக்குக் கோபம் வந்துவிட்டது. சுகந்திமேலா, முருகேசுமேலா, அந்தப் பெயர் தெரியாத கலாநிதிமேலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு குரல் தணிந்தது. "சரி, போனது போகட்டும். இன்னொருக்காச் செய்யுமன். இந்த முறை நான் தொடேன்."

"அது செத்துப்போச்சு அக்கா."

"எங்கட மண்ணில இருந்துதானே எடுத்தனீர்? அந்த வைரவர் மூலையில திரும்ப எடுமன்."

ஒரு கணம் சுகந்தியின் நெஞ்சு எழும்பியது. றிபாம்பிசின் தட்டு வேண்டாம். அந்த மூலை மண் ஒரு கைப்பிடி இருந்தால் போதும். பழைய வழியிலேயே தேடலாம். மருத்துவ ஆய்வுகூடத்தில் இரண்டு தட்டு இரவல் கேட்டால் தருவார்கள்.

பரிமளம் தானே தலையை ஆட்டிக்கொண்டாள். "விசரி நான். அந்த மூலையை எங்க? போன வருசம் ஆமிக்காரர் காவலரண் கட்டுறதுக்கு அதிலதானே மண் வெட்டினவை. மூட்டை மூட்டையாக் கட்டி ஏத்திக்கொண்டு போட்டினம். இப்ப அதில பெரிய கிடங்கு. மாரிக்குத் தண்ணி நிக்குது."

சாவடியின் முன்னால் மண்மூட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. வெயிலில் சாக்கு இற்று, ஓரங்களில் மண் கசிந்துகொண்டிருந்தது. தீவு முழுக்க அப்படி எத்தனையோ காவலரண்கள். எந்த மூட்டையில் எந்தத் தோட்டத்து மண் என்று எவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் பயனில்லை. அவளுடைய பற்றீரியா வறட்சியைத் தாங்கும் வித்து உண்டாக்காத வகை. வேரும் ஈரமும் இல்லாத மண்ணில் அது ஒரு கோடையைக்கூடத் தாண்டாது. இதைச் சுகந்தி பரிமளத்திடம் சொல்லவில்லை.

"என்ன அவ்வளவு கதை அங்க?" ஆண்களின் வரிசையிலிருந்து முருகேசு கூப்பிட்டார். சோதனை முடிந்து பஸ் பக்கம் நின்றார். சுகந்தியைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. "அட, எங்கட வெங்காய டொக்டர்!"

"உங்களிட்டக் கேட்டுக் கெட்டுப்போன கதைதான்" என்றாள் பரிமளம் உரத்து.

அவருக்கு விளங்கவில்லை. விளங்காமலே சிரித்தார். சுகந்தியின் முறை வந்தது. உள்ளே நின்ற பெண் சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னாள். திறந்தாள். பிறகு கைகளை விரித்துக் காட்டச் சொன்னாள். சுகந்தி இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலாக நீட்டினாள். சிப்பாய் அவற்றைப் பார்த்தும் பாராமல், போகலாம் என்று தலையசைத்தாள்.